கிராப் ஃபேக்டருக்குச் ‘சட்டக ஒப்பெண்’ – ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம். நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> பல வருடம் ஃபிலிமில் படம் எடுத்துப் பழகியவன். இப்போது டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்க வேண்டும். கையில் 28, 50, 135 மி.மீ. லென்ஸ்கள் இருக்கின்றன. எந்தக் கேமராவைப் பார்த்தாலும் கிராப் ஃபேக்டர் 1.5, 2 என்று போட்டிருக்கிறார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 50 மி.மீ. லென்ஸ் 75 ஆகிவிடும் என்கிறார்களே, அது நிஜமா?

கிராப் ஃபேக்டர் என்பது, கேமராவின் சென்சாரை (படத்தைப் பதியும் மின்னணுத் தகட்டை) ஃபிலிமின் 36 × 24 மி.மீ. சட்டகத்தோடு, அதாவது ஒரு படம் பதியும் செவ்வகத்தோடு, ஒப்பிடும் எண். இதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வெட்டுக் காரணி, செதுக்கல் காரணி, உருப்பெருக்கக் காரணி. மூன்றிலும் எனக்குத் தடை உண்டு. ஏன் என்று சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன். கேட்டவர் கேமரா வாங்கப் போகிறவர். சொல் அவரைத் தவறான பக்கம் திருப்பிவிட்டால் தவறான கேமராவை வாங்கி வருவார். அதனால் பொருளைப் பேசாமல் சொல்லை மட்டும் பேசி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் உருப்பெருக்கக் காரணி. இதைத் தயங்காமல் தள்ளிவிடலாம். 50 மி.மீ. லென்ஸை எந்தக் கேமராவில் மாட்டினாலும் அது 50 மி.மீ.தான். குவியத் தூரம் எனப்படும் அந்த மி.மீ. அளவு லென்ஸின் குணம். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறாது. லென்ஸ் கேமராவுக்குள் வட்டமாக ஒரு பிம்பத்தை விழச் செய்கிறது. அந்த வட்டத்துக்குள் 36 × 24 மி.மீ. செவ்வகத்தை ஃபிலிம் பிடித்துக்கொண்டது. ஏபிஎஸ்-சி எனப்படும் சென்சார் அதே வட்டத்தின் நடுவிலிருந்து ஏறக்குறைய 23.6 × 15.6 மி.மீ. மட்டும் எடுத்துக்கொள்கிறது. எதிரே நிற்பவரின் முகம் ஃபிலிமில் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு விழுந்ததோ, சென்சாரிலும் அதே உயரத்துக்குத்தான் விழும். முகத்தைச் சுற்றியிருந்தது வெளியே போய்விடும், அவ்வளவுதான். அப்புறம் சின்னச் செவ்வகத்தையும் பெரிய செவ்வகத்தையும் ஒரே அளவுத் தாளில் அச்சிடும்போது, சின்னதிலிருந்து வந்த முகம் பெரிதாகத் தெரிகிறது. பெருக்கம் நடந்தது அச்சில், லென்ஸில் அல்ல.

ஆக, மாறுவது பார்வைக் கோணம். மூலைக்கு மூலை அளந்தால் உங்கள் 50 மி.மீ. ஃபிலிமில் சுமார் 47 பாகை பார்த்தது. ஏபிஎஸ்-சியில் சுமார் 32 பாகை பார்க்கும். 135 மி.மீ.யின் 18 பாகை 12 ஆகும். 28 மி.மீ.யில்தான் இழப்பு கண்ணில் படும்: 75 பாகை 54 ஆகிவிடும். அகலக் கோணத்துக்காக வைத்திருந்த லென்ஸ், ஃபிலிமில் 42 மி.மீ. லென்ஸ் காட்டியதைத்தான் காட்டும். அது நல்ல கோணம்தான், ஆனால் நீங்கள் அந்த லென்ஸை வாங்கியது அதற்காக இல்லையே. “50 மி.மீ. 75 ஆகிவிடும்” என்று சொல்கிறவர்கள் இதைத்தான் சுருக்கிச் சொல்கிறார்கள், சுருக்கும்போது பொருள் கெட்டுவிட்டது.

இனி ‘வெட்டு’, ‘செதுக்கல்’. மூலச் சொல்லை அப்படியே தமிழில் கொண்டுவந்தால் இவைதாம் கிடைக்கும். என் தடை மூலச் சொல்லின் மீதே.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். ஃபிலிம் காலத்திலும் சட்டகங்கள் பல அளவில் இருந்தன. 6 × 6 செ.மீ. கேமராவில் 80 மி.மீ. லென்ஸ்தான் இயல்பான லென்ஸ் (அகலக் கோணமும் இல்லாத, தொலைவுக்கானதும் இல்லாத லென்ஸ்). 4 × 5 அங்குலத் தாள் ஃபிலிமில் 150 மி.மீ. இயல்பான லென்ஸ். 35 மி.மீ. சுருளில் 50. மூன்றையும் பயன்படுத்தியவர்கள் சட்டகம் மாறினால் லென்ஸும் மாறும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். அதற்கென்று ஓர் எண்ணோ பெயரோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அந்த 36 × 24 சட்டகமே இரவல் வந்ததுதான். 18 × 24 மி.மீ. திரைப்படச் சட்டகத்தை ஆஸ்கர் பர்னாக் இரட்டித்து லைக்காவுக்குள் வைத்தார். 1925-இல் அது விற்பனைக்கு வந்தது. பெரிய கண்ணாடித் தட்டுகளில் படம் எடுத்தவர்களுக்கு அது மிகச் சிறியதாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் லைக்காவின் சட்டகத்தைத் தட்டிலிருந்து வெட்டியது என்று யாரும் பெயரிடவில்லை.

அப்படியானால் டிஜிட்டலில் மட்டும் ‘வெட்டு’ எப்படி வந்தது? லென்ஸ் பொருந்தும் வளையம் மாறாமல் இருந்ததால் வந்தது. நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் வளையத்தையே 1999-இல் வந்த டி1 டிஜிட்டல் கேமராவிலும் வைத்தது. 36 × 24 அளவில் சென்சார் செய்வது அன்று கடினம், செலவும் மிக அதிகம். அதனால் உள்ளே இருந்த சென்சார் சிறியது. கேனான் 2000-இல் வெளியிட்ட டி30-இலும் இதே கதை: வளையம் 1987-இலிருந்து இருந்த ஈஎஃப், சென்சார் சிறியது. பழைய லென்ஸை மாட்டிப் பார்த்தவருக்கு ஓரம் வெட்டுப்பட்டதாகத் தெரிந்தது. அந்த ஒரு சூழலில், அந்த ஒருவர் கண்ணுக்கு, ‘வெட்டு’ சரியான சொல்தான்.

ஆனால் இன்றைய கேமராக்களில் எல்லாம் அது பொருந்துமா? 2008-இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் அறிவித்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் 17.3 × 13 மி.மீ. அதற்கான லென்ஸ்கள் அந்தச் சட்டகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை, 25 மி.மீ. அதில் இயல்பான லென்ஸ். அங்கே எதுவும் வெட்டுப்படவில்லை, ஆனாலும் எண் 2 என்று போடுகிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ஏறக்குறைய 44 × 33 மி.மீ. சென்சார் கொண்ட நடுத்தர வடிவக் கேமராக்களுக்கு இந்த எண் 0.79. சட்டகம் பெரிதாகியிருக்கிறது. ‘வெட்டுக் காரணி 0.79’ என்று எழுதினால் படிக்கிறவர் என்னவென்று புரிந்துகொள்வார்? சட்டகச் சுருக்கம், குறுக்கம் என்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அவையும் இதே இடத்தில் உடைகின்றன.

இந்த எண் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: ஒரு சட்டகத்தை 36 × 24 சட்டகத்தோடு ஒப்பிடுகிறது. அதனால் என் பரிந்துரை சட்டக ஒப்பெண்.

இதற்கு நம் பாடநூலிலேயே முன்மாதிரி இருக்கிறது. ஒரு பொருளின் அடர்த்தியை நீரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்வதை ஒப்படர்த்தி என்று படித்திருக்கிறோம். நீருக்கு 1, மிதப்பவற்றுக்கு 1-க்குக் கீழே, மூழ்குபவற்றுக்கு மேலே. இங்கே நீரின் இடத்தில் 36 × 24 சட்டகம் இருக்கிறது. அதற்கு 1, ஏபிஎஸ்-சிக்கு 1.5 (கேனானின் சென்சார் இன்னும் கொஞ்சம் சிறியது, அதனால் 1.6), மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2, நடுத்தர வடிவத்துக்கு 0.79. எல்லாம் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ‘காரணி’ வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. கணக்கில் காரணி என்றவுடன் 12-இன் காரணிகள் 3, 4 என்றுதான் நினைவு வருகிறது. ஒளிவிலகல் எண் என்று சொல்லும் வழக்கம் இருக்கும்போது இங்கும் ‘எண்’ போதும்.

ஒப்பெண் என்பதை ‘பெண்’ சேர்த்துப் படித்துவிடுவார்கள் என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். மதிப்பு + எண் மதிப்பெண் ஆனது போலத்தான் ஒப்பு + எண் ஒப்பெண் ஆகிறது. மதிப்பெண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் யாரும் தவறாகப் படிப்பதில்லை. இதுவும் நான்கு முறை கண்ணில் பட்டால் பழகிவிடும்.

வரையறையில் மட்டும் கவனம் வேண்டும். நீளத்தை ஒப்பிடுவதா, உயரத்தையா, பரப்பையா? 36 × 24-இன் பக்க விகிதம் 3:2. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் விகிதம் 4:3. நீளத்தை வகுத்தால் 2.08 வருகிறது, உயரத்தை வகுத்தால் 1.85, மூலைவிட்டத்தை வகுத்தால் 2.0. உலக வழக்கு மூலைவிட்டம்தான்: 43.3 மி.மீ.யைச் சென்சாரின் மூலைவிட்டத்தால் வகுக்க வேண்டும். விக்சனரிப் பதிவில் ‘மூலைவிட்டங்களின் விகிதம்’ என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் இரண்டு எண்ணைச் சொல்லி மல்லுக்கு நிற்பார்கள். பரப்பின் விகிதம் வேறு கதை. ஏபிஎஸ்-சிக்கு அது 2.35 வாக்கில் வரும். மங்கிய வெளிச்சத்தில் இரைச்சலை (படத்தில் தோன்றும் புள்ளிகளை) பேசும்போது உதவுவது அந்த எண்.

குடும்பச் சொற்களும் இதிலிருந்தே கிடைக்கின்றன. குவியத் தூரத்தை ஒப்பெண்ணால் பெருக்கினால் ஒப்புக் குவியத் தூரம். “இந்த லென்ஸ் 35 மி.மீ.; இந்தக் கேமராவில் ஒப்புக் குவியத் தூரம் 52.5 மி.மீ.” என்று எழுதலாம். லென்ஸின் உண்மையான அளவும் கெடவில்லை, ஒப்பீடும் வந்துவிட்டது.

லென்ஸின் துவார அளவைக் குறிக்கும் எஃப் எண்ணையும் பெருக்கலாமா என்ற கேள்வி அடுத்து எழும். வெளிச்சக் கணக்குக்குக் கூடாது. உங்கள் கையடக்க ஒளிமானி எஃப் 2, 1/125 என்று காட்டினால், ஐஎஸ்ஓவும் (ஒளியுணர்திறன் எண்ணும்) அதுவேயாக இருக்கும்போது, ஒப்பெண் எதுவானாலும் அதுதான். புல ஆழத்துக்கு, அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் கூர்மையாகத் தெரியும் என்பதற்கு, மட்டும் பெருக்கிப் பார்க்கலாம். ஏபிஎஸ்-சியில் 35 மி.மீ. எஃப் 2-இல் எடுத்தால், அதே இடத்தில் நின்று ஃபிலிமில் 52 மி.மீ. வாக்கிலான லென்ஸை எஃப் 3-இல் வைத்து எடுத்ததுபோலப் பின்புலம் மங்கும். அந்த மங்கலுக்காகவே 50 மி.மீ.யைப் போற்றி வந்தவர்களுக்கு இது பெரிய விஷயம். கை நடுக்கக் கணக்குக்கும் ஒப்புக் குவியத் தூரம்தான். 50 மி.மீ.க்கு 1/50-க்குக் கீழே இறங்காதே என்ற பழைய விதி ஏபிஎஸ்-சியில் 1/75 ஆகும். கேமராவிலேயே அதிர்வு நீக்கம் இருந்தால் அதைவிடத் தாராளமாக இறங்கலாம்.

இந்தச் சொல் எங்கே அதிகம் உதவும் என்றால், கடைப் பெயர்கள் ஏமாற்றும் இடத்தில்தான். ‘ஒரு அங்குல சென்சார்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். அளந்தால் 13.2 × 8.8 மி.மீ., மூலைவிட்டம் 16 மி.மீ.கூட முழுதாக இல்லை. அந்த ‘அங்குலம்’ பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்திலிருந்து வந்த வழக்கு. சென்சாரின் எந்தப் பக்கத்தையும் அது அளக்கவில்லை. ‘சட்டக ஒப்பெண் 2.7’ என்று போட்டால் வாங்குகிறவருக்கு உடனே விளங்கும். ஏபிஎஸ்-சி என்ற பெயரும் ஃபிலிமிலிருந்து வந்ததுதான். 1996-இல் வந்த ஏபிஎஸ் ஃபிலிமில் மூன்று வடிவங்களில் ஒன்று சி. சுமார் 25 × 17 மி.மீ. அதைப் பெயர்ச்சொல்லாகவே விட்டுவிடலாம். லென்ஸ், ஷட்டர், ஃபிலிம் ஆகியவற்றையும் நான் தொட மாட்டேன். அவை யாரையும் குழப்பவில்லை. ‘முழுச் சட்டகம்’ மட்டும் எனக்கு உறுத்துகிறது. மற்றதெல்லாம் அரைகுறை என்று அது சொல்கிறது. 36 × 24 சட்டகம் என்றோ, ஒப்பெண் 1 என்றோ எழுதலாம்.

சரி, உங்கள் தேர்வுக்கு வருகிறேன். 28 மி.மீ.யில்தான் உங்கள் கண் பழகியிருக்கிறது என்றால் ஒப்பெண் 1 உள்ள கேமராவைப் பாருங்கள். தொலைவில் இருக்கும் பறவை, விளையாட்டு என்றால் 1.5 உங்களுக்குச் சாதகம், 135 மி.மீ. உங்களுக்கு 200-ஐ ஒட்டிய கோணம் தரும், அகலத்துக்கு 18 மி.மீ. ஒன்று புதிதாக வாங்கிக்கொள்ளலாம். எதுவானாலும் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) வகைதான் உங்கள் பழைய லென்ஸ்களுக்கு ஏற்றது. வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் நிக்கான் எஃப்-இல் 46.5 மி.மீ., பென்டாக்ஸ் கே-யில் 45.46, கேனான் எஃப்டி-யில் 42. சோனி ஈ-யில் அது 18-தான், நிக்கான் இசட்-இல் 16. மிச்சமுள்ள இடத்தில் ஒரு வெற்று இணைப்பு வளையம் உட்கார்ந்துகொள்கிறது. அந்த வளையத்துக்குள் லென்ஸ் எதுவும் வேண்டாம், தொலைவில் இருப்பதும் கூர்மையாக விழும். ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும், அது உங்களுக்குப் பழக்கமானதே. வாங்கும் முன் 28-ஐ எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள்.

பெயர் வைக்க இன்னொன்று பாக்கி இருக்கிறது. இணைப்பு வளையத்துக்குள்ளேயே லென்ஸ் வைத்து, பிம்ப வட்டத்தைச் சிறிய சென்சாருக்குள் ஒடுக்குகிற கருவி ஒன்று உண்டு. 0.71 மடங்கு ஒடுக்குவது பரவலாகக் கிடைக்கிறது. அதை 1.5 ஒப்பெண் உள்ள கேமராவில் மாட்டினால் விளைவு 1.07 வாக்கில் வந்துவிடும், 28 மி.மீ. தன் பழைய கோணத்தை ஏறக்குறைய திரும்பப் பெறும். இது குவியத் தூரத்தை உண்மையாகவே குறைக்கிறது, எஃப் எண்ணும் ஏறக்குறைய ஒரு படி இறங்குகிறது. அதனால் இங்கே ‘சுருக்கம்’ பொருந்தும். குவியச் சுருக்கி என்று வைக்கலாமா? இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்; ஒப்பெண்ணோடு சேர்த்தே விக்சனரியில் பதிந்துவிடலாம்.

அன்புடன்.