பீப்பிள்ஸ் பார்க் எங்கே போனது? ரிப்பன் மாளிகைக் கடிகாரம் எப்படி ஓடுகிறது?

வண்ணை_நடை:
பழைய வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகளை ஞாயிறு காலை நடையாகக் கூட்டிப்போகிறோம். பீப்பிள்ஸ் பார்க், ராபின்சன் பார்க் இரண்டும் ஒன்றா? மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகையின் கடிகாரத்துக்குச் சாவிதான் கொடுக்கிறார்களா?

பெரியமேடு:
வேறு வேறுங்க. ராபின்சன் பூங்கா ராயபுரம் பக்கம். 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டுகிற மழையில் அங்கேதான் நடந்தது.

பீப்பிள்ஸ் பார்க் சென்ட்ரலுக்கு மேற்கே, நூறு ஏக்கருக்கு மேல். கவர்னர் டிரெவெல்யன் 1859இல் தொடங்கியது. 1886 டிசம்பர் 31 அன்று அங்கே நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பிறகு விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக வந்து பூங்காவைத் தின்றன. 'உயிர் காலேஜ்' என்று நம் ஜனங்கள் சொன்ன மிருகக்காட்சி சாலையும் 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டது. மூர் மார்க்கெட் எரிந்ததும் அதே வருஷம். மிச்சம், ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் மை லேடீஸ் பூங்கா. அப்புறம் பார்க் ஸ்டேஷன், பார்க் டவுன் என்ற பேர்கள்.

பல்சக்கரம்:
கடிகாரத்துக்கு வருகிறேன். 1913இல் ஓக்ஸ் கம்பெனி பொருத்தியது, 43 மீட்டர் கோபுரத்தில். நான்கு மணிகளும் கில்லட் அண்ட் ஜான்ஸ்டன் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் வார்ப்பு. தினமும் சாவி கொடுத்தாக வேண்டும்.

இந்த வகைக் கடிகாரங்களில் சாவி கொடுத்தால் பளு மேலே ஏறும்; அது மெல்ல இறங்குவதில்தான் கடிகாரம் ஓடும். முள்ளை ஓட்ட ஒரு பளு, மணி அடிக்கத் தனிப் பளு. மணிக்கான பளு தரைதட்டினால் முள் ஓடும், சத்தம் வராது. 'கடிகாரம் கெட்டுப்போச்சு' என்பார்கள். பல நேரம் சாவிதான் பாக்கி.

வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஊசல். ஒரு மீட்டர் ஊசல் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் நாளுக்குச் சுமார் 43 விநாடி பின்தங்கும். எஃகுத் தண்டு என்றால் 10 டிகிரி வெயில் ஏறினாலே ஐந்து விநாடி போகும்.

வண்ணை_நடை:
ஐந்து நிமிஷம் முந்தி ஓடினால் முள்ளைப் பின்னால் தள்ளலாமா அண்ணே?

பல்சக்கரம்:
கூடவே கூடாது. மணி அடிக்கும் நெம்புகோல் வளையும், இல்லை அடிக்கிற கணக்கு பிசகும். ஊசலை ஐந்து நிமிஷம் பிடித்து நிறுத்திவிட்டு விட வேண்டியதுதான். புறா முள்ளில் உட்காராமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய வேலை.

பெரியமேடு:
கால் மணிக்கொரு தரம் மணி அடிக்கும். பிள்ளைகளை 7.55க்கே வாசலில் நிறுத்துங்கள். எட்டு அடிப்பதை எண்ணட்டும்.