ஐபி வச்சு ரிக்வெஸ்ட் லிமிட் போட்டா தோட்டத்துப் பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து மாட்டுறாங்க, உதவி வேணும்

ஹட்டன், பொகவந்தலாவ பக்கத்துப் பிள்ளைங்களுக்கு ஓலெவல் பாஸ்ட் பேப்பர் போடுற சைட் ஒன்னு நடத்துறோம், என்ஜினெக்ஸ் (nginx) வெப் சர்வர்லதான் ஓடுது. முன்னுக்கு ட்ராஃபிக்கை வாங்கி அனுப்புற கிளவுட்ஃபிளேர் இருக்கு, வர்றவங்களோட உண்மையான ஐபியை எடுக்கிற ரியல் ஐபி மொடியூல் போட்டு லாக்ல ஐபி சரியாத்தான் விழுது, ஆனா மொபைல் டேட்டால வர்ற பிள்ளைங்க நிறையப்பேர் ஒரே பப்ளிக் ஐபில வர்றதால ஒருத்தர் வேகமா நாலு பேப்பர் தட்டினாலும் மத்தவங்களுக்கும் 503 எரர் காட்டிருது. சோதனைக்கு முதல்நாள் ராவு இப்படி ஆனா பாவம்தானே.

அதனால என்ஜேஎஸ்ல (என்ஜினெக்ஸுக்குள்ள ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற மொடியூல்) ஜேஎஸ்_செட் (js_set) வச்சு ஒரு வேரியபிள் செஞ்சு, லாகின் குக்கி இருந்தா அதை லிமிட் கீயா (யாரோட கணக்குன்னு பிரிக்கிற அடையாளமா) எடுக்கணும், இல்லாட்டி ஐபி. பொய் குக்கி அனுப்பித் தப்பாம இருக்க எச்மேக் (HMAC, ரகசியக் கீ வச்சுப் போடுற கையொப்பம்) செக்கும் அங்கயே பண்ணணும், லாகினைச் சரிபார்க்கிற ஆத்_ரிக்வெஸ்ட் (auth_request) லிமிட்டுக்குப் பிறகுதான் ஓடும், அது சரிவராது. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் இதைப் பண்ணினா சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் சர்வர்) தாங்குமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க அண்ணாமாரே, கான்ஃபிக் கமெண்ட்ல போடுறேன்.