பழைய கொலை வழக்குகள்: சேலம் நண்பர்கள் உதவ முடியுமா?

வணக்கம். பிரிட்டிஷ் காலத்தில் பெண்கள் குற்றவாளிகளான கொலை வழக்குகளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ஆக்ரா வழக்கு கைவசம் இருக்கிறது. அகஸ்டா ஃபுல்லம் என்ற பெண்ணும் ஹென்றி கிளார்க் என்ற மருத்துவரும் காதலர்கள். 1911-ல் அவள் கணவர் சாப்பாட்டில் பாஷாணம் கலந்தார்கள், மறுவருஷம் கிளார்க்கின் மனைவியும் கொல்லப்பட்டார். மாட்டிக்கொண்டது எப்படி என்றால், அகஸ்டா எழுதிய காதல் கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தன! விஷ விவரம் உட்பட எல்லாம் அதில். (இதையெல்லாம் யாராவது எழுதி வைப்பார்களா?) 1913-ல் கிளார்க்கைத் தூக்கிலிட்டார்கள். கர்ப்பிணி என்பதால் அவளுக்கு ஆயுள் தண்டனை. அடுத்த வருஷமே நைனி சிறையில் இறந்துபோனாள்.

சரி, இப்போது நம்ம ஊர் விஷயம். சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் நடந்து, மதராஸ் ஐகோர்ட்டுக்கு அப்பீல் போன இதுபோன்ற வழக்குகள் வேண்டும். அந்த ஐகோர்ட் தீர்ப்புகளை அச்சிட்ட ‘இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்’ மதராஸ் தொகுதிகள் 1876 முதல் வெளிவந்தன. அஸ்தம்பட்டி பக்கம் மூத்த வக்கீல் வீடுகளில் பழைய தொகுதிகள் இருக்கிறதா? ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களில் பழைய பேப்பர் கட்டிங் இருந்தாலும் போதும். இரவல் வேண்டாம், அங்கேயே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறேன். 1947-க்கு முந்தையது மட்டும். குடும்பத்தார் உயிரோடு இருக்கும் வழக்குகளைத் தொட மனசில்லை. தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.