சிக்னல் நன்றாக இருந்தும் ராத்திரியில் வைஃபை திணறுகிறது, ரிப்பீட்டர் வாங்கலாமா?

செம்பூர்வாசி:
மும்பை செம்பூரில் ஏழு மாடிக் கட்டடம், வாடகை வீடு. 100 எம்பிபிஎஸ் ஃபைபர், ரவுட்டர் வாசல் கதவுப் பக்கம். உள் அறையில் போனில் சிக்னல் கோடு முக்கால்வாசி காட்டுகிறது, ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடியோ கால் விக்கி விக்கி நிற்கிறது, காலையில் ஒரு தொந்தரவும் இல்லை. வைஃபை பட்டியலைத் திறந்தால் அக்கம்பக்கத்துப் பெயர்கள்தான் வரிசையாக வருகின்றன. கடைக்காரர் ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) போடச் சொல்கிறார். போடலாமா?

மாட்டுங்கா மணி:
அவசரப்படாதீங்க. முதலில் லேப்டாப்பை ஈதர்நெட் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, அதே எட்டு மணிக்கு வேகம் பாருங்க. அதிலும் குறைந்தால் வைஃபையைத் திட்டிப் பயனில்லை, இணைப்பு கொடுத்தவரிடம்தான் பேசணும்.

கேபிளில் சரியாக வந்தால் நெரிசல்தான். கோடு காட்டுவது ரவுட்டரின் சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும். ஒரே சேனலில், அதாவது வைஃபை அலைவரிசையின் ஒரே துண்டில், இருக்கும் கருவிகளில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும், பக்கத்து வீட்டு ரவுட்டரும் அந்தச் சேனலில் இருந்தால் அதற்கும் சேர்த்துக் காத்திருக்கணும். ராத்திரி கட்டடமே படம் பார்க்கும்போது உங்க முறை எப்போ வரும்? வைஃபையின் பழைய அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. காலியாகத் தெரிகிறதே என்று 3 அல்லது 4 வைத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும். இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்க, அங்கே சேனல் அதிகம். சுவர் தாண்டினால் அது சீக்கிரம் தேயும், அதனால் பக்கத்து வீட்டுத் தொல்லையும் குறையும்.

கேபிள் கட்சி:
ரிப்பீட்டர் வேண்டாம். மலிவானவை ஒரே ரேடியோவில் சிக்னலை வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும், வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏற்கெனவே இரைச்சலான இடத்தில் இன்னொரு வாய் வேறு. லேமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு கேட்6 ஈதர்நெட் கேபிள் வாங்கி உள் அறைக்கு இழுங்க. பழைய ரவுட்டர் கிடந்தால் அதில் டிஎச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, அதன் ஐபி முகவரியை மாற்றி, கேபிளை அதன் லேன் துளையில் செருகுங்க, அதுவே அந்த அறைக்கு வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்.

மாட்டுங்கா மணி:
வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க ஓனர் விடணுமே!

கேபிள் கட்சி:
துளைக்கச் சொல்லலை, கதவோரமாக ஒட்டிக்கொண்டு போகலாம்.

செம்பூர்வாசி:
கேபிளில் ராத்திரியும் 90க்கு மேல் வருகிறது, அப்போ நெரிசல்தான். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்துவிட்டேன், கால் இப்போ நிற்கவில்லை. ஆனால் பிரிண்டரில் அந்தப் பெயரே வரவில்லையே?

மாட்டுங்கா மணி:
நிறைய பிரிண்டர்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அதனால் 2.4ஐ அணைக்காமல் 1, 6, 11இல் கூட்டம் குறைந்ததில் விட்டுவிடுங்க.