செம்பருத்தியில் மாவுப்பூச்சி: வேப்பெண்ணெய் அடித்தும் இன்னும் பெரிதாகத்தான் வருகிறது, என்ன செய்வது?

மாடிச்செம்பருத்தி:
திருச்சியில் மொட்டை மாடியில் 15 தொட்டிகள் வைத்திருக்கிறேன். மாசிக் கடைசியில் அடுக்குச் செம்பருத்தியின் நுனிக் கொழுந்தில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகத் தெரிந்தது. அது மாவுப்பூச்சி என்று எனக்குப் புரிவதற்குள் பக்கத்துத் தொட்டிக் கத்தரிக்கும் தாவிவிட்டது. கொழுந்து சுருண்டு, மொட்டு விரியாமலே உதிர்கிறது. இலையெல்லாம் பிசுபிசுப்பு, அதன்மேல் கரி பூசியதுபோல ஒரு படலம். தொட்டியைச் சுற்றி எறும்பு வரிசை வேறு.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி வீதம் நான்கு முறை அடித்துவிட்டேன். காலை எட்டு மணிக்குத் தண்ணீர் ஊற்றும்போதே அதையும் முடித்துவிடுவேன். பலன் இல்லை. இரண்டு நாளாக இன்னொரு கூத்து. மற்றதைவிட மூன்று மடங்கு பெரிய மாவுப்பூச்சிகள் செம்பருத்தியில் வந்திருக்கின்றன, உடம்பெல்லாம் நூல் நூலாக வெள்ளை. மருந்துக்குப் பழகி வீரியமாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. நேற்று ஏழெட்டை நசுக்கினேன். வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் ரசாயன மருந்து வேண்டாம். வேறு வழி சொல்லுங்கள்.

கீரைப்பாத்தி:
வேப்பெண்ணெயை எதில் கரைத்தீர்கள் அக்கா? வெறும் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும். தெளிப்பானில் முதலில் தண்ணீர் மட்டும் வரும், கடைசியில் மிஞ்சுவது எண்ணெய். காதி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, அதில் எண்ணெயை விட்டுப் பால்போல வெளுக்கும்வரை அடித்து, அப்புறம் மீதித் தண்ணீரைச் சேருங்கள். மாவுப்பூச்சியின் மேல் வெள்ளையாக இருப்பது மெழுகு. சோப்பு இல்லாமல் எதுவும் அதில் ஒட்டாது. துணி துவைக்கும் பவுடரைப் போட்டுவிடாதீர்கள், இலை கருகும்.

நேரமும் தப்பு. வேம்பின் சத்து வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், மாலை ஐந்து மணிக்கு மேல்தான் அடிக்க வேண்டும். இலைக்கு அடிப்பக்கமும் கணுவும் நன்றாக நனையணும். பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும், பொரிக்கப் பொரிக்க வந்துகொண்டே இருக்கும். அதனால் வாரம் ஒரு முறை வீதம் மூன்று நான்கு வாரம் விடாமல் அடியுங்கள்.

வேலியோரம்:
இவ்வளவு பாடு எதற்கு? கால் கிலோ புகையிலையை ஊறவைத்து வடிகட்டி அடிங்க. எங்கள் அப்பா காலத்திலிருந்து அதுதான்.

கீரைப்பாத்தி:
அண்ணே, தவழுகிற குழந்தை இருக்கிற வீடு. புகையிலையில் இருக்கும் நிக்கோடினும் நஞ்சுதான், செடியிலிருந்து வந்தது என்பதால் சாதுவாகிவிடாது. கத்தரியும் புகையிலையும் ஒரே குடும்பம் வேறு, தேமல் வைரஸ் புகையிலை வழியாகவே ஏறும்.

தென்னந்தோப்பு:
எதையும் அடிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யம்மா. அந்தப் பெரிய பூச்சியை ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டுப் பார். ஓடுகிறதா, அங்கேயே கிடக்கிறதா?

மாடிச்செம்பருத்தி:
இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன் ஐயா. விறுவிறுவென்று ஓடுகிறது! சின்னவை நகரவே இல்லை.

தென்னந்தோப்பு:
நினைத்தேன். நீ நசுக்கியது மாவுப்பூச்சியை இல்லை, அதைத் தின்ன வந்த பொறிவண்டின் புழுவை. கிரிப்டோலேமஸ் என்று பெயர். மாவுப்பூச்சிபோலவே மெழுகு வேடம் போட்டுக்கொண்டு அதன் நடுவிலேயே மேயும். புழு வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். மாவுப்பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டரோடு நின்றுவிடும். வண்டாக மாறும்போது தலை ஆரஞ்சு, முதுகு கறுப்பு, வழக்கமான புள்ளிகள் இருக்காது. சொந்த ஊர் ஆஸ்திரேலியா. 1898இல் காப்பிச் செடியின் செதில் பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள், அப்படியே தென்னிந்தியாவில் தங்கிவிட்டது.

அதனால் செம்பருத்தியில் வேப்பெண்ணெயை நிறுத்து. சோப்பும் எண்ணெயும் மேலே பட்டால் இந்தப் புழுவும் சாகும். புழு இல்லாத கத்தரிக்கு மட்டும் கீரைப்பாத்தி சொன்னபடி அடி, ரொம்ப மோசமான நுனிகளை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போடு.

முக்கியமான ஆள் எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் தேன்போன்ற நீருக்காக அது காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். அந்த நீரில்தான் கரும்பூசணமும் படர்கிறது. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டியை ஏற்று. செடி சுவரில் படக்கூடாது, பட்டால் எறும்புக்கு அதுவே பாலம். தட்டுத் தண்ணீரைத் தினம் மாற்று, இல்லையென்றால் கொசு வளர்ப்பாய்.

2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது ஞாபகம் இருப்பவர்களுக்குத் தெரியும். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை. மருந்தடித்து மாளவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் என்ற பொடிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவியை விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்குத் தொண்டை வற்றியது.

வேலியோரம்:
மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினால் மிச்சத்தைப் பிடிக்காதா?

தென்னந்தோப்பு:
அது வெள்ளை ஈக்கு. மாவுப்பூச்சியில் பெண்ணுக்குச் சிறகே கிடையாது, எப்படி வந்து ஒட்டும்? பொறிவண்டு வேண்டுமானால் மாட்டும்.

கீரைப்பாத்தி:
ஐயா, நானும் போன வருடம் இதே புழுவை நூறாவது நசுக்கியிருப்பேன். அக்கா, உரம் என்ன கொடுக்கிறீர்கள்?

மாடிச்செம்பருத்தி:
வாராவாரம் மீன் அமிலம்.

கீரைப்பாத்தி:
கொஞ்ச நாள் நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் கொழுந்து மெத்தென்று வரும், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதுதான் விருந்து.

மாடிச்செம்பருத்தி (மூன்று வாரம் கழித்து):
செங்கல் ஏற்றிய நான்காம் நாள் எறும்பு வரிசை நின்றது. செம்பருத்தியில் இப்போது தேடித்தான் மாவுப்பூச்சியைக் காட்ட வேண்டும், புதுக் கொழுந்து நேராக வருகிறது, நேற்று இரண்டு பூ. கத்தரியில் ஒரு செடியைப் பிடுங்க வேண்டியதாயிற்று, மற்றது தேறிவிட்டது. மாமியார் மட்டும் முதலில் நம்பவில்லை, ஈரத்துணியோடு துடைக்கவே வந்துவிட்டார். ஈர்க்குச்சியால் தொட்டு ஓடவிட்டுக் காட்டினேன். இப்போது காலையில் காப்பி டம்ளரோடு மாடிக்கு வந்து புழுக்களை எண்ணுவது அவர்தான். இன்று ஒன்றுகூட இல்லை என்று வருத்தப்படுகிறார். செத்துப்போயிருக்குமா ஐயா?

தென்னந்தோப்பு:
தீனி தீர்ந்திருக்கும். இலைக்கு அடியிலும் தொட்டி விளிம்பிலும் கூட்டுப்புழு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல். வண்டானவை பறந்து அடுத்த மாடிக்குப் போயிருக்கும்.