கோர்ட்டுச் செய்தியில் எந்தச் சொல் உங்களை இடறிவிட்டது?

இளம் நிருபர்:

நீதிமன்றச் செய்தி எழுத ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. ஊடகச் சட்டத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனாலும் ஒரு பண மோசடி வழக்கில் கைதானவருக்கு ஜாமீன் கிடைத்தபோது "மோசடி வழக்கில் வியாபாரி விடுதலை" என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டேன். சிறையிலிருந்து வெளியே வருகிறார், அப்படியானால் விடுதலைதானே என்று அந்த நேரத்தில் பட்டது. மறுநாள் காலை புகார் கொடுத்த அம்மா அலுவலகத்துக்கு போன் செய்து அழுதார். வழக்கே முடிந்துவிட்டது, போட்ட பணம் இனி வரவே வராது என்று நினைத்து இரவு முழுக்கத் தூங்கவில்லையாம். அன்றைக்கு அந்த வழக்கில் குற்றப்பத்திரிகைகூட, அதாவது போலீஸ் விசாரணையை முடித்துக் கோர்ட்டில் தருகிற அறிக்கைகூட, தாக்கலாகியிருக்கவில்லை. திருத்தம் வெளியிட்டோம், நானே பேசி மன்னிப்புக் கேட்டேன். அவர் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சொற்களுக்குப் பொருள் புத்தகத்தில் கிடைக்கும், எந்த இடத்தில் இடறுவோம் என்பதுதான் கிடைக்காது. உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள், படிக்கிற தம்பி தங்கைகளுக்கு உதவும்.

குற்றவியல் வழக்கறிஞர்:

தம்பி, நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு வேறு நிலைமைகள் இருக்கின்றன. ஜாமீனில் வெளியே வருபவர் மீது வழக்கு அப்படியே நிற்கிறது, அழைக்கும்போதெல்லாம் ஆஜராக வேண்டும். விடுவிப்பு என்பது, எந்தக் குற்றத்துக்காக விசாரணை என்று கோர்ட் எழுதிக் குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே, விசாரணைக்குப் போகும் அளவுக்கு முகாந்திரம் இல்லை என்று கோர்ட் அனுப்பிவிடுவது. ரத்து என்றால் உயர் நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரையோ வழக்கையோ இல்லாமல் செய்துவிடுவது. சாட்சிகளை எல்லாம் விசாரித்து, வாதம் கேட்டு, குற்றம் நிரூபணம் ஆகவில்லை என்று தீர்ப்பு வந்தால் அது மட்டும்தான் விடுதலை, அதற்கும் மேல்முறையீடு உண்டு. விடுவிக்கப்பட்டவர் மீது புதிதாக ஆதாரம் கிடைத்தால் மறுபடி நடவடிக்கை வரலாம், தீர்ப்பில் விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரணைக்கு இழுக்க முடியாது. இவ்வளவு தூரம் இருக்கிற இரண்டையும் "விடுதலை" என்று எழுதினால் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்?

என் கட்சிக்காரர் ஒருவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தார். "ஆதாரம் இல்லாததால் ஜாமீன்" என்று போட்டிருந்தது. நடந்தது அதுவே இல்லை. கோர்ட் காவலில் வைக்க உத்தரவிட்டு அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை, அதனால் சட்டப்படி அவருக்குக் கிடைத்தே ஆக வேண்டிய ஜாமீன் அது, நாங்கள் ஸ்டாச்சுட்டரி பெயில் என்போம். மரண தண்டனை, ஆயுள், பத்து ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கு இந்தக் கெடு 90 நாள், மற்றவற்றுக்கு 60. ஆதாரத்தைப் பற்றி நீதிபதி ஒரு வார்த்தை பேசவில்லை, நாளை மட்டுமே எண்ணிப் பார்த்தார். இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. மறுவாரமே குற்றப்பத்திரிகையும் வந்தது.

இன்னொன்று. குற்றம் நிரூபணமானது என்று தீர்ப்பு வரும் வரை "குற்றவாளி" என்று எழுதாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் என்பது நீளமாக இருக்கிறது என்று துணையாசிரியர்கள் வெட்டுவது எனக்குத் தெரியும். அந்த நீளத்தில்தான் ஒரு மனிதருடைய மானம் இருக்கிறது.

நாளிதழ் துணையாசிரியர்:

நான் வெட்டுகிற ஆள்தான், ஆனால் அந்தச் சொல்லை வெட்டியதில்லை.

என் அனுபவம் வேறு. சிறுமி ஒருவருக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றிய செய்தி வந்தது. பெயர் இல்லை, படம் இல்லை. ஆனால் எந்த ஊர், அந்த ஊரில் இருக்கிற ஒரே பள்ளியில் எட்டாம் வகுப்பு, கைதானவர் அவளுடைய தந்தை, தந்தையின் முழுப்பெயர், தொழில் எல்லாம் இருந்தன. நான் ஊரையும் பள்ளியையும் தந்தை என்கிற உறவையும் சேர்த்து எடுத்துவிட்டு, "நெருங்கிய உறவினர் கைது" என்று பெயரில்லாமல் விட்டேன். நிருபருக்குக் கோபம். "அக்கா, பெயரே போடவில்லையே, கைதானவர் பெயரைப் போடக்கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?" என்று கேட்டார். தந்தை பெயர் வந்துவிட்டால் மகள் யார் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும் இல்லையா?

மாணவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிற 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று வரிசையாகச் சொல்லி, அடையாளம் தெரியக் காரணமாகும் வேறு எந்த விவரமும் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், ஊழியர் செய்த தவறுக்கு வெளியீட்டாளரும் பொறுப்பு. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெரியவர்களுக்கும் அடையாளப் பாதுகாப்பு உண்டு, முன்பு இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) 228ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 72. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் பெயர் போடலாம் என்று பலர் நம்புகிறார்கள். குடும்பத்தார் சம்மதித்தாலும் நாமாகப் போடக் கூடாது என்று நிபுண் சக்சேனா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அந்த நிருபர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அப்புறம் அவரே இன்னொரு செய்தியை அனுப்பும்போது "அக்கா, ஊர் பெயர் எடுத்துவிட்டேன், வேறு ஏதாவது தெரிகிறதா பாருங்கள்" என்று கேட்டார்.

சட்டக் கல்லூரி மாணவி:

பயிற்சிக்காக உயர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி அரசு வழக்கறிஞரிடம் "இத்தனை மாதம் என்ன செய்தீர்கள், அதிகாரியை நேரில் வரச் சொல்லட்டுமா?" என்று கடுமையாகக் கேட்டார். அரை மணி நேரத்தில் "அதிகாரி நேரில் ஆஜராக உத்தரவு" என்று செய்தி ஓடியது. மாலை உத்தரவு நகலைப் பார்த்தால் நான்கு வாரத்தில் பதில் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான். கேட்டது கேள்வி. கையெழுத்தானது வேறு.

வாய்மொழியாகச் சொன்னதை எழுதவே கூடாதா என்று எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதம் நடந்தது. எழுதலாம். 2021இல் கரூர் தொகுதி தொடர்பாக எம்.ஆர். விஜயபாஸ்கர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைப் பற்றி வாய்மொழியாகச் சொன்ன கடுமையான வார்த்தைகள் நாடெங்கும் செய்தியாயின. அப்படிப்பட்ட கருத்துகளை ஊடகங்கள் வெளியிடத் தடை வேண்டும் என்று ஆணையம் உச்ச நீதிமன்றம் போனபோது, தடை விதிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள், கோர்ட்டில் நடப்பதைச் சொல்வதும் பேச்சுரிமைதான் என்று. ஆக, எழுதும் உரிமை நமக்கு உண்டு. "கேள்வி எழுப்பினார்", "கருத்துத் தெரிவித்தார்", "உத்தரவிட்டார்" மூன்றில் எது நடந்ததோ அதை எழுதினால் சரி. 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவு தருகிற பாதுகாப்பும் நியாயமான, துல்லியமான செய்திக்குத்தான்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்:

எனக்கு இணையத்தில் நீளமாக எழுதிப் பழக்கமில்லை. "தடை" என்ற சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கீழ்க்கோர்ட் தீர்ப்பை மேல்கோர்ட் நிறுத்தி வைத்தாலும் தடை, ஒருவரை நிலத்தில் கட்டடம் கட்டாதே என்று சொன்னாலும் தடை, அரசு ஒரு பொருளை விற்கக்கூடாது என்றாலும் தடை. பேப்பரில் "வழக்குக்குத் தடை" என்று பார்த்துவிட்டு வாய்தாவுக்கு வராமல் இருந்துவிட்டு, பிறகு பிடிவாரண்ட் வந்து ஓடிவந்தவரை நானே பார்த்திருக்கிறேன். அவர் வழக்கில் நிறுத்தி வைக்கப்பட்டது ஒரு இடைக்கால மனு மீதான உத்தரவு மட்டும்தான். எதை, யாருக்கு எதிராக, எந்தத் தேதி வரை என்று மூன்றையும் எழுதுங்கள். அதேபோல மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்தி வைத்தால் அவர் சிறைக்குப் போகவில்லை என்று அர்த்தமே தவிர, தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது.

உத்தரவின் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். அனுமதியா, தள்ளுபடியா, வாபஸ் பெற்றதால் தள்ளுபடியா, முடித்துவைப்பா என்பது அங்கேதான் இருக்கும். வாபஸ் பெற்ற மனுவை "கோர்ட் நிராகரித்தது" என்று எழுதியதால் இரண்டு குடும்பங்களுக்குள் சண்டை வந்ததும் எனக்குத் தெரியும்.

இளம் நிருபர்:

எல்லோருக்கும் நன்றி. வழக்கறிஞர் சாரிடம் ஒரு சந்தேகம்: பி.என்.எஸ். அமலுக்கு வந்த 2024 ஜூலை 1க்குப் பிறகு ஐ.பி.சி. என்று எழுதினாலே தவறு என்று எங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்கள், சரிதானா?

குற்றவியல் வழக்கறிஞர்:

இல்லை தம்பி. குற்றம் நடந்த தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்பு நடந்த சம்பவமென்றால் இன்றைக்கு எஃப்.ஐ.ஆர். போட்டாலும் ஐ.பி.சி. பிரிவுதான், அதற்குப் பிறகு நடந்தது பி.என்.எஸ். நீங்களாகப் பிரிவை மாற்றி எழுதவே வேண்டாம், எஃப்.ஐ.ஆரில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். அவதூறுக்கும் அப்படித்தான், பழையது 499, 500, இப்போது 356, கோர்ட் நடவடிக்கையை உள்ளபடி சாராம்சமாக வெளியிடுவது அவதூறாகாது என்கிற விதிவிலக்கு இரண்டிலும் இருக்கிறது.

இளம் நிருபர்:

புரிந்தது சார். நான் எழுதிய அந்த மோசடி வழக்கில் போன வாரம் குற்றப்பத்திரிகை தாக்கலானது. "குற்றப்பத்திரிகை தாக்கல்" என்றே தலைப்புப் போட்டேன். செய்தி வந்த அன்று அந்த அம்மாவுக்கு நானே போன் செய்து அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். குற்றச்சாட்டு வனைகிற நாள் எப்போது, தான் வர வேண்டுமா என்று கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன், நாளை கோர்ட்டுக்குப் போனதும் முதல் வேலை அதுதான்.