மறு: டிஸ்க் கிளீனப் – ‘தூர்வாரல்’ எனலாமா?

வணக்கம்.

> ‘வட்டுத் துப்புரவு’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, தேவையற்ற கோப்புகளை நீக்கிக் கணினியில் இடம் மீட்கும் ‘டிஸ்க் கிளீனப்’ வேலைக்குத்தான் ‘தூர்வாரல்’ என்ற சொல்லைக் கேட்கிறேன். துப்புரவு என்றதும் அழுக்குதான் நினைவுக்கு வருகிறது. என் கடைக்கு வருபவர்கள் அதை வைரஸ் எடுப்பது என்றே புரிந்துகொள்கிறார்கள். சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டி டிரைவில் வட்டும் கிடையாது.

தண்டையார்பேட்டையில் கணினி பழுதுபார்க்கிறேன். போன வாரம் காசிமேட்டில் மீன் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். 256 ஜிபி டிரைவ். மிச்சம் 600 எம்பி. இடத்தைக் காட்டும் பட்டை முழுக்கச் சிவப்பு. “கிளீன் பண்ணிடட்டுமாக்கா?” என்றதும் பதறிவிட்டார். “கணக்கெல்லாம் போயிடும்பா. தூரு மட்டும் வாரிக் குடு.”

அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். ஓட்டேரி நல்லா என்ற ஓடையிலும் பக்கிங்காம் கால்வாயிலும் மழைக்கு முன் தூர்வாருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கால்வாய் அதே கால்வாய்தான், சேறு படிந்து கொள்ளளவு சுருங்கிவிடுகிறது. டெம்ப் எனும் தற்காலிகக் கோப்புகளும், உலாவி சேர்த்து வைக்கும் பக்க நகல்களான கேஷும் இப்படித்தான், வேலை ஓட ஓடத் தானாகப் படிகின்றன. அக்காவின் கணினியில் விண்டோஸ்.ஓல்டு கோப்புறை மட்டும் 20 ஜிபிக்கு மேல். பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாள் வரை விண்டோஸ் வைத்திருக்கும் கோப்புறை அது. அவரிடம் கேட்டுவிட்டு எடுத்தேன். எக்செல் கோப்பு ஒன்றைக்கூடத் தொடவில்லை.

உபுண்டு இயங்குதளத்தின் ‘ஆப்ட் கிளீன்’ கட்டளைக்கும் சொல் பொருந்துகிறது. நிறுவுவதற்காக இறக்கி வைத்த பொதிக் கோப்புகளைத்தான் அது வாரும், நிறுவிய மென்பொருள் அப்படியே இருக்கும்.

> மறுசுழற்சித் தொட்டிக்கு அனுப்புவதும் இதில் அடங்குமா?

தொட்டியைக் காலி செய்தால் அடங்கும். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் எங்கள் தெருவில் யாரும் அதைத் தூர்வாரியதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். தொட்டியில் கிடக்கும் கோப்பும் அதே டிரைவில்தான் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

‘தூர்’ செடியின் அடியையும் குறிக்குமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சரிதான், ஆனால் ‘வாரு’ சேர்ந்துவிட்டால் குழப்பம் வராது. வினை தூர்வாரு, கருவி தூர்வாரி.

படம், வீடியோவை நாமே பார்த்துப் பார்த்து நீக்குவதற்கு மட்டும் இந்தச் சொல் வேண்டாம். வீடு ஒழிக்கிறோம் இல்லையா, அதுபோல அது ‘ஒழித்தல்’.

மொழிபெயர்ப்புக் கோப்பில் பொத்தானுக்கு ‘தூர்வாரு’ என்று இட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று இரவு பதிவேற்றுகிறேன்.